பானப் பவுடரில் வீட்டிலேயே சோடா பானம்: எதை முதலில், எதைக் கடைசியில்

புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு பாட்டில் சோடாவைத் திறந்து, ஃப்ளேவர் பவுடரை அப்படியே உள்ளே கொட்டுவார்கள். அடுத்த நொடியே பாதி பாட்டில் மேடையில் வழிந்து ஓடும். மிச்சம் இருப்பதில் கேஸும் இருக்காது, ருசியும் இருக்காது. அப்புறம் மெஷின் சரியில்லை, பவுடர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டிலும் குறை கிடையாது, வரிசைதான் தப்பு.

சோடாவுக்குள் அழுத்தத்தால் அடைபட்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு எப்போதும் வெளியேறத்தான் பார்க்கிறது. குமிழி உருவாக அதற்கு ஒரு சின்ன சொரசொரப்பு, ஒரு துகள், ஒரு தூசி போதும். ஒரு ஸ்பூன் பவுடரில் அப்படிப்பட்ட துகள்கள் எண்ண முடியாத அளவு இருக்கின்றன, போதாததற்கு ஒவ்வொன்றின் இடுக்கிலும் கொஞ்சம் காற்றும் இருக்கிறது. அதனால் உலர்ந்த பவுடர் சோடாவைத் தொடவே கூடாது. முதலில் பாகு, தனியாகக் கேஸ், கடைசியில் சேர்ப்பது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பவுடர்கள் இரண்டு வகை. ஒன்று சர்க்கரை சேர்க்காதது: நிறம், மணம், சிட்ரிக் அமிலம் மட்டும் உள்ள சின்ன பாக்கெட், சர்க்கரையை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று சர்க்கரையோ செயற்கை இனிப்போ ஏற்கெனவே கலந்தது. எந்த வகை என்று பார்க்காமல் பாகு காய்ச்சினால் ஒன்று வாயில் வைக்க முடியாத புளிப்பு, இல்லை திகட்டும் இனிப்பு.

அடுத்துப் பார்க்க வேண்டியது, இந்தப் பாக்கெட் எத்தனை லிட்டருக்கு என்பது. கீழே வரும் கணக்கு முழுவதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

பால் பவுடர், க்ரீமர் கலந்தவற்றை ஒதுக்கி வையுங்கள். பால் புரதம் நுரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அமிலம் பட்டால் திரியவும் செய்யும். புரோட்டீன் பவுடருக்கும் இதே கதைதான். பொருள் பட்டியலில் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் போன்ற பதப்படுத்திகள் இருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றுவதானால் கவலையில்லை. ஈஸ்ட் போட்டு நொதிக்க வைத்துக் கேஸ் உண்டாக்குகிறவர்களுக்கு (9-ஆம் பகுதி) மட்டும் அது தொல்லை தரும்.

2. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு லிட்டர் பானத்துக்கு: ஒரு லிட்டருக்கு உரிய பவுடர், தேவையானால் சர்க்கரை, குளிர்ந்த தண்ணீர், சமையலறைத் தராசு, மி.லி. கோடு போட்ட கப், மெல்லிய வடிகட்டி, நீளக் கழுத்துள்ள புனல். கேஸுக்கு சோடா மேக்கர், சோடா சைஃபன் (சின்னக் கேஸ் குப்பி மாட்டும் கெட்டியான பாட்டில்), ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) மாட்டிய சிலிண்டர் இவற்றில் ஏதாவது ஒன்று. எதுவுமே இல்லையென்றால் கடையில் வாங்கிய சாதா சோடாவே போதும், பாகு பகுதியை மட்டும் செய்யுங்கள். உண்மையில் முதல்முறை அப்படிச் செய்வதுதான் நல்லது. ருசி கைக்கு வந்த பிறகு மெஷினுக்குச் செலவழிக்கலாம்.

பாட்டில் விஷயத்தில் சமரசம் வேண்டாம். கேஸ் பானம் விற்கும் கெட்டியான பெட் பாட்டில்தான் வேண்டும். தண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கையில் கிடைத்த ஜாம் பாட்டில், அலங்காரக் கண்ணாடி பாட்டில் எதிலும் கேஸை அடைக்காதீர்கள். பெட் பாட்டில் பிளந்தால் பெரும்பாலும் சத்தமும் ஈரமும்தான், கண்ணாடி வெடித்தால் சில்லு கண்ணுக்குள் போகும். விரிசல் விட்டது, வெண்மையாகக் கோடு விழுந்தது, சூடான தண்ணீர் பட்டுச் சுருங்கியது எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்.

3. தண்ணீரை முந்தின நாளே குளிர வையுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. வேலை ஒன்றும் இல்லை, ஆனால் பானம் எழுவதும் விழுவதும் இங்கேதான். சாதாரணக் காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக்கொள்ளும். 20 டிகிரியில் அது 1.7 கிராம்தான், பாதியாகிவிடுகிறது. கடையில் வாங்கும் கேஸ் பானங்களில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருக்கும், அதற்காகத்தான் அழுத்தம் கொடுக்கிறோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போன கேஸ் மூடியைத் திறந்ததும் கிளம்பிவிடும்.

ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் 4 டிகிரி வாக்கில் வந்துவிடும். அவசரமென்றால் ஃப்ரீசரில் வைக்கலாம், ஆனால் பனிக்கட்டி கட்ட விடாதீர்கள். பனித்துகளும் துகள்தானே, அதைச் சுற்றியும் குமிழி கிளம்பும். தண்ணீரில் குளோரின் வாசனை இருந்தால் வடிகட்டிய நீருக்கு மாறுங்கள், கேஸ் ஏறியதும் அந்த வாசனை இன்னும் தூக்கலாகத் தெரியும். மிகவும் உப்பான கடின நீர் பவுடரின் புளிப்பைக் கொஞ்சம் முறித்துவிடும், பானம் சப்பென்று இருக்கும்.

4. பாகு காய்ச்சுதல்

இலக்கு: 150 மி.லி. பாகு, 850 மி.லி. சோடா, மொத்தம் ஒரு லிட்டர். பாகு இதைவிட நீர்த்திருந்தால் சோடாவின் கேஸைக் குறைத்துவிடும், ஏனென்றால் பாகில் கேஸ் இல்லை. அதைவிடக் கெட்டியானால் பாட்டிலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கலக்கவே வராது.

சர்க்கரை இல்லாத பவுடர் என்றால் 90 மி.லி. தண்ணீரைச் சூடாக்கி 100 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கரையுங்கள். 100 கிராம் சர்க்கரை கரைந்ததும் 60 மி.லி.க்குக் கொஞ்சம் மேல் இடம் பிடிக்கும், அதனால் மொத்தம் 150 வாக்கில் வந்து நிற்கும். இது தெரியாமல் 150 மி.லி. தண்ணீரிலேயே சர்க்கரையைக் கொட்டிவிட்டு, பாகு ஏன் அதிகமாக வந்தது என்று முழிப்பவர்கள் நிறைய. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்ச வேண்டாம், கம்பிப் பதமும் வேண்டாம். சர்க்கரை கரைந்து தெளிந்தால் போதும், அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பவுடரை இப்போதே போட்டுவிடாதீர்கள். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கட்டும். பழ மணங்கள் எளிதில் ஆவியாகிப் போகக்கூடியவை. கொதிக்கிற பாகில் பவுடரைப் போட்டால் சமையலறை முழுக்க ஆரஞ்சு வாசனை கமகமவென்று வரும், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வாசனையெல்லாம் உங்கள் பானத்தில் இருந்திருக்க வேண்டியது.

இனிப்பு கலந்த பவுடர் என்றால் சர்க்கரை தேவையில்லை. ஒரு லிட்டருக்கு உரிய பவுடரை எடை போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கடைசியில் 150 மி.லி. கோடு வரை தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுங்கள். செயற்கை இனிப்பு பவுடர் என்றால் அளவு மிகக் குறைவு, கரைசல் பாகு போலக் கெட்டியாகாமல் தண்ணீராகவே இருக்கும், அது சரிதான். அந்த வகைக் கரைசலை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு இருந்தால் கரைசலில் இனிப்பு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும், சூடு இருந்தால் இன்னும் வேகமாக.

கரைந்த பிறகு கட்டாயம் வடிகட்டுங்கள். கலங்கலான தோற்றத்துக்காகச் சில பவுடர்களில் கரையாத பொருட்களைச் சேர்ப்பார்கள், கட்டி தட்டாமலிருக்கவும் சேர்ப்பார்கள். அவை அத்தனையையும் வடிகட்டியால் எடுக்க முடியாது, ஆனால் பெரிய துகளும் கரையாத கட்டியும் நின்றுவிடும். நுரைப் பிரச்சினையில் பாதி இங்கேயே தீரும். வடித்த பாகையும் ஃப்ரிட்ஜில் வைத்துத் தண்ணீர் அளவுக்கே குளிர வையுங்கள். குளிர்ந்த சோடாவில் அறைச் சூட்டுப் பாகை ஊற்றினால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண்.

5. கேஸ் ஏற்றும் முன் ருசி பாருங்கள்

15 மி.லி. பாகு, 85 மி.லி. சில்லென்ற சாதாத் தண்ணீர். கலக்கிக் குடித்துப் பாருங்கள். தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்க வேண்டும், குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால் வெதுவெதுப்பில் பார்த்த ருசி ஏமாற்றிவிடும்.

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும், அதுவும் தன் பங்குக்குச் சுருக்கென்று ஒரு புளிப்பைக் கொடுக்கும். அதனால் சாதாத் தண்ணீரில் புளிப்பு சரியாக இருந்தால் சோடாவில் ஒரு சொட்டு கூடுதலாகத் தெரியும். சாதாத் தண்ணீரில் 'கொஞ்சம் இனிப்பு தூக்கல்' என்று தோன்றும் இடமே சரியான இடம். புளிப்பு பவுடர்களுக்குச் சர்க்கரையை 110 கிராம் வரை கூட்டலாம். இதற்கு மேல் நான் போகமாட்டேன், தாகத்துக்குக் குடிக்கிற பானம் நாக்கில் ஒட்டக்கூடாது.

6. கேஸ் ஏற்றுதல்

சோடா மேக்கர். பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை குளிர்ந்த சாதாத் தண்ணீர் மட்டும். பாகு, பவுடர், ஜூஸ் எதுவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீருக்குள் கேஸைப் பீய்ச்சினால் நுரை மேலேறி, கேஸ் வரும் குழாயிலும் அழுத்தம் வெளியேறும் வால்விலும் புகுந்து ஒட்டிக்கொள்ளும். அடைபட்ட வால்வோடு அடுத்த முறை அழுத்தினால் அது சுத்தம் செய்யும் தொல்லையோடு நிற்காது, ஆபத்தாகவும் ஆகிவிடும். ஒரே மூச்சாக அழுத்திப் பிடிக்காமல் ஒரு நொடி அழுத்தி, இரண்டு நொடி விட்டு, மறுபடி அழுத்துங்கள். இடைவெளியில்தான் கேஸ் கரைகிறது. பாகு சேர்க்கப் போவதால், வெறும் சோடாவாகக் குடிப்பதை விட ஒன்றிரண்டு அழுத்து கூடுதலாகவே கொடுங்கள். 850-ல் இருக்கும் கேஸ் ஒரு லிட்டருக்குப் பரவ வேண்டும் இல்லையா. முடிந்ததும் பாட்டிலைச் சட்டென்று கழற்றாமல் சில நொடிகள் விட்டுக் கழற்றுங்கள்.

சோடா சைஃபன். ஒரு லிட்டர் சைஃபனுக்கு 8 கிராம் குப்பி ஒன்று. குப்பி வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். க்ரீம் அடிக்கிற நைட்ரஸ் ஆக்சைடு குப்பியும் அதே அளவு, அதே வடிவம். அதைப் போட்டால் சுருக்கென்ற அந்தப் புளிப்பே வராது. குப்பியை ஏற்றியதும் ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இதிலும் வெறும் தண்ணீர் மட்டும்தான், பாகு கிளாஸில்.

சிலிண்டரும் கேஸ் மூடியும். பெட் பாட்டிலில் மாட்டும் வால்வு மூடி, குழாய், ரெகுலேட்டர், உணவுத்தரக் கேஸ். ஒருமுறை செலவு அதிகம், அதன் பிறகு மலிவு, கேஸும் மற்ற இரண்டை விட நன்றாக ஏறும். அடிக்கடி செய்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பாட்டிலில் முக்கால் பாகம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, பாட்டிலைக் கையால் அமுக்கி மேலே இருக்கும் காற்றை முழுதும் வெளியேற்றிய நிலையில் மூடியைத் திருகுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'கேஸே ஏறவில்லை' என்கிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று இடத்தையும் அழுத்தத்தையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரில் லேசில் கரையாது. ரெகுலேட்டரை 2 பார், அதாவது 30 பிஎஸ்ஐ அளவில் வைத்துக் குழாயை மாட்டினால் நசுங்கிய பாட்டில் டப்பென்று உப்பும். அப்படியே ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். கேஸ் ஓடும் சத்தம் நின்றுவிட்டால் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். குலுக்கும்போது பாட்டில் ரெகுலேட்டரை விடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி உள்ளே போகும்.

ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரைத் தொடாதீர்கள். 20 டிகிரியில் அதற்குள் இருக்கும் அழுத்தம் 57 பார், பாட்டில் தாங்காது. சிலிண்டரை நிமிர்த்தி, விழாதபடி கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சாய்த்தால் திரவ நிலையிலேயே வெளியே வரும். மூடிய சின்ன அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி மூச்சு முட்டும். உலர் பனிக்கட்டியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) பாட்டிலில் போட்டு மூடும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது வெடிகுண்டு.

இந்த மூன்றாவது முறையில் மட்டும் ஒரு சலுகை உண்டு: பாகு கலந்த, நன்றாக வடிகட்டிய பானத்துக்கே நேரடியாகக் கேஸ் ஏற்றலாம். மூடிய பாட்டிலுக்குள் நுரை எங்கும் போக முடியாது. குலுக்கியதும் மூடியைத் திறக்காமல் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். சிலிண்டர் வழியில் நான் செய்வது இப்படித்தான்.

7. பாகையும் சோடாவையும் சேர்த்தல்

கிளாஸில் என்றால் முதலில் பாகு, பிறகு சோடா. கிளாஸைச் சாய்த்து, சோடாவைச் சுவரோடு வழிய விடுங்கள். நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும். ஸ்பூனை விட்டு ஆட்டினால் கேஸை நீங்களே துரத்துகிறீர்கள். ஐஸ் போடுவதானால் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டுப் போடுங்கள், ஃப்ரீசரிலிருந்து வந்த சொரசொரப்பு போய் வழுவழுப்பாகும், நுரை குறையும்.

பாட்டிலில் என்றால் நேர் மாறு: சோடா ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, பாகு மேலே வருகிறது. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, புனல் நுனியைக் கழுத்தின் பக்கவாட்டில் ஒட்டி, நூல் போல ஊற்றுங்கள். முதல் 20 மி.லி.யில் நுரை கிளம்பும். நிறுத்துங்கள், அடங்கட்டும், பிறகு தொடருங்கள். மொத்தத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றினால் பழைய கதைதான். செயற்கை இனிப்புக் கரைசலுக்கு இன்னும் நிதானம் வேண்டும்.

மூடியதும் பாட்டிலைக் குலுக்காமல் மெல்லத் தலைகீழாக்கி நிமிர்த்துங்கள், இரண்டு மூன்று முறை. அடியில் நிற்கும் நிறம் மேலே பரவுவது கண்ணுக்கே தெரியும்.

8. மூடி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்

சேர்க்கும்போது கிளம்பிய கேஸில் ஒரு பகுதி பாட்டிலின் மேல் காலியிடத்தில் நிற்கிறது. மூடிய பாட்டில் குளிரில் இருந்தால் அதில் கொஞ்சம் திரும்பக் கரையும், குமிழிகளும் அடங்கும். உடனே திறந்தால் அதுவும் போய்விடும்.

பெரிய பாட்டிலில் நிரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்காமல், சின்னப் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். பாதி காலியான பாட்டிலில் மேலிருக்கும் இடத்தை நிரப்பவே பானத்திலிருந்து கேஸ் வெளியேறிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது வீணாகும். மூன்று நான்கு நாட்களுக்குள் குடித்துவிடுவது நல்லது. பாகு மட்டும் தனியாக, சுத்தமான பாட்டிலில், ஃப்ரிட்ஜில் ஓரிரு வாரம் நிற்கும்.

9. மெஷின் இல்லாதவர்களுக்கு ஈஸ்ட் வழி

சாத்தியம்தான், ஆனால் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். ரொட்டியின் வாசனை லேசாக வரும், அளவும் நம் கையில் இல்லை. 2 லிட்டர் பானத்துக்கு 200 கிராம் சர்க்கரையும் பவுடரும் கரைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது கால் டீஸ்பூனில் பாதி அளவு ஈஸ்ட் சேர்த்துப் பெட் பாட்டிலில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு மூடுங்கள். ஈஸ்ட் உண்பது சர்க்கரையைத்தான், செயற்கை இனிப்பை அல்ல. வெறும் இனிப்பூட்டிப் பவுடரை வைத்துக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

ஒன்றிரண்டு நாளில், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே, பாட்டில் அமுக்கினால் கல் போல இருக்கும். அந்த நிமிடமே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், 'இன்னும் ஒரு நாள் விடலாமே' என்ற ஆசை வேண்டாம். சர்க்கரை மிச்சம் இருக்கும்வரை ஈஸ்ட் நிற்காது, அழுத்தமும் நிற்காது. ஃப்ரிட்ஜிலும் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும், ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கண்ணாடி பாட்டில் இந்த வழியில் கூடவே கூடாது. இன்னொன்று, கேஸோடு ஆல்கஹாலும் உண்டாகிறது. கடைப் பானம் அளவுக்குக் கேஸ் ஏறினால் அது 1 சதவீதத்தை நெருங்கும். குழந்தைகளுக்கும், ஆல்கஹால் தொடாதவர்களுக்கும் இது வேண்டாம்.

10. சரியாக வரவில்லை என்றால்

சுருக்கே இல்லை: முதலில் தண்ணீரின் குளிர்ச்சி, அடுத்து பாட்டிலில் காற்று, மூன்றாவதாக மூடியின் வாஷர். பாட்டிலை மூடியோடு தண்ணீரில் முக்கினால் கசிவு தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் பொங்குகிறது: பாகை இன்னும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பாகை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். கரைக்கும்போது மிக்ஸியில் அடித்திருந்தால் காரணம் அதுதான், காற்றை அடித்து உள்ளே ஏற்றியிருக்கிறீர்கள்.

முதல் கிளாஸ் சப்பென்று, கடைசி கிளாஸ் திகட்டல்: பாகு அடியில் நின்றிருக்கிறது. இன்னும் இரண்டு முறை தலைகீழாக்குங்கள்.

கேஸ் நன்றாக இருக்கிறது, ருசி மட்டும் தண்ணீராக இருக்கிறது: அடுத்த முறை பவுடரைக் கால் பங்கு கூட்டுங்கள், சர்க்கரையைத் தொடாதீர்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு சாதாத் தண்ணீருக்கானது, சுருக்கென்ற சோடாவில் மணம் கொஞ்சம் அமுங்கித்தான் தெரியும்.

11. உடனே கழுவுங்கள்

பாகு பட்ட புனல், மூடி, வாஷர், வால்வு எல்லாவற்றையும் காய்வதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிடுங்கள். காய்ந்த சர்க்கரை வாஷரில் ஒட்டினால் அடுத்த முறை அங்கேதான் கசியும். சோடா மேக்கர் பாட்டில்களில் பல, கொதிநீர் தாங்காதவை. பாட்டிலில் அச்சிட்டிருக்கும் சூட்டு அளவையும் காலாவதி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், தேதி தாண்டியதில் கேஸ் ஏற்றாதீர்கள். சிவப்பு, நீலப் பவுடர்கள் துணியிலும் மர மேடையிலும் கறை விட்டுவிடும், ஊற்றும் வேலையைச் சிங்க்குக்குள் வைத்துச் செய்தால் துடைக்கிற வேலை மிச்சம்.